சிவப்பு வண்டிக்குப் போட்ட பாலிஷ்

எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் அதற்குள் எத்தனை கட்டுத் தோல் அடுக்கலாம் என்றுதான் என் அண்ணன் அக்பர் அலிக்குப் புத்தி போகும். கெட்ட மனிதன் இல்லை. ஐந்து வேளையும் தொழுவான். யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் முதல் ஆளாகப் போய்ப் பந்தலில் நிற்பான். ஆனால் தோல் வியாபாரம் அவன் கண்ணை மறைத்துவிட்டது. திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் அத்தா நடத்திய பாலிஷ் பட்டறை மேல் அவனுக்குக் கண் விழுந்ததும் அதனால்தான்.

அத்தா மவுத்தான பிறகு பாகம் பிரித்தார்கள். நான் குடியிருந்த வீடு எனக்கு வந்தது. அதை ஒட்டிப் பின்னால் இருந்த பட்டறை அண்ணன் பங்குக்குப் போனது. காகிதத்தில் யார் பெயர் இருந்தால் என்ன, சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தவள் நான். பூட்டுக் கடைக்காரர்கள் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டும் பித்தளைப் பூட்டுகளையும் இரும்புப் பெட்டிக் கைப்பிடிகளையும் தேய்த்து, முகம் பார்க்கிற மாதிரி ஆக்கி அனுப்பியவள் நான். என் வீட்டுக்காரர் நூர் முகமது கொடைக்கானல் பஸ் ஓட்டுகிறவர். இந்த வேலை உனக்கு எதற்கு என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

பாலிஷ் சக்கரம் என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. மரச் சக்கரத்தின் விளிம்பில் எருமைத் தோலை ஒட்டி, அதன்மேல் வஜ்ஜிரப் பசை தடவி, இரும்பையே அராவுகிற எமரிப் பொடி தூவிக் காயவைக்க வேண்டும். மோட்டார் அதைச் சுற்றும். தோல் தேய்ந்துபோனால் புதிதாக ஒட்ட வேண்டும். அப்போது அண்ணனிடம்தான் போய் நிற்பேன். ஒரு கைக்குட்டை அளவுத் தோலைக் கொடுக்க அவன் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டுமே! தன் முதுகுத் தோலை உரித்துக் கொடுக்கிறவன் மாதிரி கொடுப்பான்.

அத்தா இருந்தவரை நான் செய்த வேலையை அத்தாவின் வேலை என்று நினைத்து வாங்கிக்கொண்டு போனார்கள் கடைக்காரர்கள். அவர் போன பிறகு அதே கை, அதே சக்கரம், அதே பளபளப்பு. ஆனால் பொம்பளை வேலை என்று முகத்தைச் சுளித்தார்கள். ஒவ்வொருவராகக் கூடையை வேறு பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு வயிறு எரிந்தது. எதிரே பார்க்கும்போதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். கேட்டதால் மட்டும் கூடை திரும்பி வந்துவிடுமா என்ன?

சீனச் சண்டைக்கு முந்தின வருஷம் அது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து அண்ணன் பட்டறைக்கு வந்தான். சுவரைத் தட்டிப் பார்த்தான், கூரையை அண்ணாந்து பார்த்தான். பட்டறைக் கதவில் தொங்கியது அத்தா தன் கையால் செய்த பூட்டு. அதற்கு இரண்டு சாவிகள். ஒன்று என் இடுப்பில் இருக்கும், இன்னொன்று பாகம் பிரித்த அன்றே அண்ணன் கைக்குப் போயிருந்தது. அந்தச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே பேசினான்.

"வேலை வராத எடத்துக்கு எதுக்கு கூரை, சர்பு? மழைக்கு முன்னாடி நான் தோலை எறக்கணும்" என்றான்.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்த நேரம், தெருவில் ஒரு சத்தம் கேட்டது. சின்னதாக, தரையோடு தரையாக, சிவப்பு நிறத்தில் ஒரு மோட்டார் வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. இரண்டு பேர்தான் உட்காரலாம். மேலே கூரை இல்லை. அதிலிருந்து செம்பட்டி சோலைமுத்து இறங்கினான். தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளை, என்னைவிடச் சின்னவன், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவனோடு வந்தவர் பழனி ரோட்டில் லேத் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் அருளப்பன். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேடைமேல் வைத்தார்கள்.

விஷயம் இதுதான். மலைத் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் சோலைமுத்து அந்த வண்டியை வாங்கியிருந்தான். வருஷத்துக்கு ஒரு முறை மோட்டார் சங்கத்தார் கொடைக்கானல் மலைப்பாதையில் ஒரு போட்டி வைப்பார்கள். காமக்காப்பட்டியில் கிளம்பி டம்டம் பாறை வரை யார் சீக்கிரம் ஏறுகிறார்கள் என்று பார்ப்பார்கள். போன வருஷம் சோலைமுத்து கடைசியாக வந்தான். வண்டி பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது. முதலில் வந்தது கோயம்புத்தூர் மில்காரர் ஒருவரின் கறுப்பு வண்டி. அவர்கள் சும்மா போகாமல், செம்பட்டி வண்டியில் எத்தனை தேங்காய் ஏற்றலாம் என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்களாம். அதிலிருந்து செம்பட்டி டீக்கடையில் அவனைப் பார்த்தாலே இளவட்டங்கள் தேங்காய்க் கணக்குக் கேட்டார்கள்.

பெட்டிக்குள் இருந்தது வெள்ளைக்காரர் கழற்றிப்போட்டுத் துருப்பிடிக்க விட்ட சூப்பர்சார்ஜர். அந்தப் பெயர் என் வாயில் நுழையவில்லை, ஊதுபெட்டி என்றுதான் கடைசிவரை சொன்னேன். கனமான இரும்புக் கூடு. உள்ளே ஓர் உருளை, அந்த உருளையில் ஃபைபர் பலகையில் அறுத்த நாலு தகடுகள். இஞ்சின் ஓடும்போது பெல்ட் அந்த உருளையைச் சுற்றும். தகடுகள் கூட்டின் சுவரைத் தடவிக்கொண்டே காற்றை வாரி இஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பலமும் கூடும். தகடு தேயாமல் இருக்க, ஒரு மெல்லிய குழாய் சொட்டுச் சொட்டாக எண்ணெய் கொண்டுவரும். இதையெல்லாம் அருளப்பன் அண்ணன் எனக்குப் பொறுமையாகச் சொன்னார். கூட்டின் உள்ளே அம்மைத் தழும்பு மாதிரி துரு அரித்த குழிகள். அவற்றைத் தேய்த்து எடுக்க வேண்டும், காற்று நுழையும் வாயை அகலப்படுத்த வேண்டும், வெளியே பளபளக்க வேண்டும். மதுரையில் இரண்டு பட்டறைகளில் கேட்டுப் பார்த்தார்களாம், யாரும் கையில் வாங்கவில்லையாம்.

அண்ணன் ஓர் ஓரமாக நின்று சிரித்தான். பூட்டுக்கே ஆள் வரவில்லை, இவள் மோட்டார் வண்டிக்குப் பாலிஷ் போடப் போகிறாள் என்றான். எனக்குச் சுரீர் என்று ஏறிவிட்டது. அதற்குள் ட்யூட்டி முடிந்து என் வீட்டுக்காரரும் வந்து நின்றார். அவருக்கு முன்னால் வைத்தே அண்ணனிடம் சொன்னேன்.

"இந்த வண்டி மலையில ஜெயிச்சா பட்டறை என்கிட்டயே இருக்கணும். ஜெயிக்கலேன்னா ஒஞ் சாவியோட எஞ் சாவியையும் நானே கொண்டாந்து தாரேன்."

அண்ணன் என்னையும் துருப்பிடித்த கூட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சரி. நூரு சாட்சி" என்றான்.

அன்றிலிருந்து நான் வேறு எதையும் நினைக்கவில்லை. சின்னச் சின்னச் சக்கரங்கள் செய்து, கூட்டின் வாய்க்குள் போகிற அளவுக்குத் தோல் ஒட்டினேன். துருக் குழிகளை முதலில் கரட்டுப் பொடியால் தேய்த்தேன், பிறகு நைஸான பொடி, பிறகு அதைவிட நைஸானது. காற்று நுழையும் வாயை அரத்தால் அகலப்படுத்தினேன். முனை எங்கேயும் தடுக்காமல் உருட்டிவிட்டேன். பக்கத்துத் தெருவில் யாராவது வந்து கேட்டால், மலை ஏறுகிற வண்டிக்கு வேலை நடக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அதை எதற்கு மறைக்க வேண்டும்?

சோலைமுத்து தினமும் வந்து எட்டிப் பார்ப்பான். அக்கா, வெளியே மட்டும் இல்லை, உள்ளேயும் முகம் தெரிய வேண்டும் என்பான். அவன் சொல்லாவிட்டாலும் நான் அப்படித்தான் செய்திருப்பேன். பூட்டுக்குள் நாக்கு உட்காரும் இடத்தைக்கூடத் தேய்த்து அனுப்புவதுதான் எங்கள் பட்டறை வழக்கம். உள்ளே வழுவழுப்பாக இருந்தால் சாவி வெண்ணெயில் போவது போலப் போகும். எங்கள் ஊரில் பளபளப்பு என்றால் நல்லது, பளபளப்பு இல்லை என்றால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். அருளப்பன் அண்ணனும் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, கண்ணாடி தோற்றது தங்கச்சி என்றார். அவர் தம் பங்குக்குப் பெல்ட் ஓடும் சக்கரத்தைச் சின்னதாகக் கடைந்து மாட்டினார். ஊதுபெட்டி முன்னைவிட வேகமாகச் சுற்றும்.

வீட்டில்தான் எல்லாம் தலைகீழாகக் கிடந்தது. அம்மி தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. மிளகாயை வைத்தால் குழவிக்கு அடியில் வழுக்கி ஓடியதே தவிர அரையவில்லை. அம்மி கொத்துகிற ஆள் சங்கிலியை வரச் சொல்லுங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. பஸ்ஸை அந்தச் செங்குத்தான மலையில் ஏற்றி இறக்கத் தெரிந்த மனிதருக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த ஓர் ஆளைக் கூட்டிவரத் தெரியவில்லை. குழம்பும் வெஞ்சனமும் வாயில் வைக்க முடியாமல் இருக்கிறது என்று சாப்பிடும்போது அவரே குறை சொல்வார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி என்றால், முந்தின வியாழக்கிழமை வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். சோலைமுத்து ஓட்டினான், அருளப்பன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். செம்பட்டி தாண்டி வத்தலக்குண்டு வரை வண்டி பறந்ததாம். வயலில் களை பறித்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்களாம். மலை ஆரம்பித்து நாலைந்து வளைவு ஏறியதும் ஊதுபெட்டி கிறீச்சென்று கத்த ஆரம்பித்தது. அடுத்த வளைவில் உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டது. பெல்ட் புகைந்து அறுந்தது, வண்டி நடுரோட்டில் நின்றது. கீழே இறங்கி வந்த என் வீட்டுக்காரரின் பஸ்தான் அவர்களை முதலில் பார்த்தது. பயணிகள் இறங்கி வண்டியை ஓரத்துக்குத் தள்ளினார்களாம். அந்தப் பயணிகளில் பேகம்பூர்க்காரர்களும் இருந்ததால், பஸ் திண்டுக்கல் வந்து சேர்வதற்குள்ளேயே கதையும் வந்து சேர்ந்துவிட்டது.

அருளப்பன் அண்ணன் கூட்டைக் கழற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேய்த்த சுவரில் கறுப்பாகத் தீற்றல்கள். தகடுகள் கருகிக் கிடந்தன. சோலைமுத்து கருகிய தகடு ஒன்றை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தான். அவன் திட்டியிருந்தால்கூட எனக்குத் தாங்கும், அதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை. வீட்டுக்குள் போய்ப் பாத்திரங்களோடு சண்டை போட்டேன். பிறகு அழுதேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்த கையோடு அண்ணன் மாட்டு வண்டிகளில் உப்புத் தோலைக் கொண்டுவந்து பட்டறையில் இறக்கினான். போட்டி இன்னும் நடக்கவில்லையே என்று கேட்டேன். முக்கால்வாசி முடிந்த மாதிரிதானே, பாதி இடத்தில் மட்டும் அடுக்கிக்கொள்கிறேன், மீதியை ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்றான். சுவர் உயரத்துக்குத் தோல். அந்த நாற்றத்தில் என் சக்கரமும் மேடையும் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. அத்தா உட்கார்ந்த இடத்தில் மாட்டுத் தோல் உட்கார்ந்திருந்தது.

அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம், வராமல் வந்த சங்கிலியை என் வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்துப் பயந்து கூட்டி வந்திருக்க வேண்டும். சங்கிலி உட்கார்ந்து டக்கு டக்கென்று உளியால் அம்மியைக் கொத்திவிட்டுப் போனார். அம்மியைக் கழுவி மிளகாயை வைத்தேன். ஒரு முறை இழுத்ததும் மிளகாய் கல்லைப் பிடித்துக்கொண்டது. மையாக அரைந்தது. தண்ணீர் தெளித்து வழித்தேன். வழித்த பிறகும் கொத்தின ஒவ்வொரு புள்ளியிலும் ஈரம் நின்றது. கல் முழுக்க ஈரம் இருந்தது.

கையில் மிளகாய் விழுதோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன்.

ஒரே மாதிரி இரண்டு இரும்புத் துண்டுகளை எடுத்தேன். ஒன்றைக் கண்ணாடியாகத் தேய்த்தேன். இன்னொன்றில் எமரித் துணியால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் போட்டேன். வீட்டுக்காரரைச் சைக்கிளில் அனுப்பி அருளப்பன் அண்ணனைக் கூட்டிவரச் சொன்னேன். அவர் வந்ததும் இரண்டின் மேலும் இஞ்சின் எண்ணெயைச் சொட்டிவிட்டு, சாய்த்து நிறுத்திவைத்தேன். செத்த நேரம் கழித்துப் பழைய துணியால் இரண்டையும் ஒரு முறை வழித்தேன். கண்ணாடியாகத் தேய்த்த துண்டு காய்ந்து போனது. கோடு போட்ட துண்டில் விரலை வைத்தால் எண்ணெய் ஒட்டியது.

"எண்ணெய் வந்துச்சுண்ணே. நிக்கத்தான் எடமில்ல. நாமதான் அம்புட்டு எடத்தையும் தேச்சு எடுத்துட்டோம்" என்றேன்.

அருளப்பன் அண்ணன் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

"சிலிண்டர்ல கோடு விடணும்னு எனக்குத் தெரியும் தங்கச்சி. அது நெருப்பு எரியுற எடம். இது வெறுங் காத்து போற எடந்தானேன்னு விட்டுட்டேன்" என்றார்.

சோலைமுத்துவுக்கு ஆள் போனது. அவன் வந்து கேட்டுவிட்டு, அக்கா நீங்கள் எதைச் செய்தாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை நான் வண்டியில் உட்காருவேன் என்றான். கருகிப்போன தகடுகளுக்குப் பதிலாக நல்ல ஃபைபர் பலகை வேண்டியிருந்தது. வேடசந்தூர் மில்லில் அருளப்பன் அண்ணனுக்குத் தெரிந்த ஃபிட்டர் ஒருவர் இருந்தார். சனிக்கிழமை விடிந்ததும் சோலைமுத்து அங்கே போய் ஒரு பலகையோடு திரும்பினான். அருளப்பன் அண்ணன் அதை அறுத்து, உருளையில் சிக்காமல் போய்வருகிற மாதிரி இழைத்தார்.

கூடு என் வேலை. கறுப்புத் தீற்றல்களை முதலில் தேய்த்து எடுத்தேன். பிறகு கூட்டின் அளவுக்கு ஓர் உருட்டுக் கட்டையைக் கடைந்து வாங்கி, அதன்மேல் எமரித் துணியைச் சுற்றி, உள்ளே விட்டேன். சுற்றிக்கொண்டே மேலும் கீழுமாக இழுக்க வேண்டும். ஒரு முறை இழுத்ததும் என் கை நின்றுவிட்டது. கோடு விழுந்தால் பூட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் அத்தா. ஒரு கீறலைப் பார்த்தாலே எனக்குப் பல் கூசும். அந்தக் கையால், நானே தேய்த்துக் கண்ணாடியாக்கிய சுவரில் வேண்டுமென்றே கீறல் போட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். போகப் போக அதிலும் ஒரு நிதானம் வந்தது. கோடுகள் ஒன்றையொன்று ஒரே மாதிரி வெட்டிக்கொண்டு போவதைப் பார்த்தபோது, இதுவும் வேலைதான், இதுவும் சுத்தம்தான் என்று தோன்றியது. சுற்றி நாறிக்கொண்டிருந்த தோல்கூட அப்போது என் மூக்குக்குத் தெரியவில்லை.

வெளிப்பக்கத்தை மட்டும் விடவில்லை. தோல் சக்கரத்தில் வைத்து, கூட்டின் வெளியெல்லாம் என் மூக்குத்தி தெரிகிற வரை தேய்த்துவிட்டுத்தான் கீழே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் ட்ரிப் என் வீட்டுக்காரருடையது. போட்டி முடியும் வரை பாதையை மூடிவிடுவார்கள் என்பதால் பஸ்ஸை டம்டம் பாறைக்கு மேலே நிறுத்திக் காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தேன். அண்ணனும் ஏறினான். எதற்கு என்று கேட்டேன். சாவியை அங்கேயே வாங்கிக்கொண்டால் உனக்கு அலைச்சல் மிச்சம் என்றான். என் வாழ்நாளில் அவனுக்கு நான் பதில் பேசாத ஒரே இடம் அந்த பஸ்தான்.

பாறைக்குப் பக்கத்தில் ரோட்டின் குறுக்கே வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். சங்கத்தார் கையில் கடிகாரத்தோடு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வண்டிகளை ஒவ்வொன்றாகக் கீழேயிருந்து விடுவார்கள். ஏறிய நேரத்தை மேலே ஒருவர் ஒலிபெருக்கியில் சொல்வார். பஸ் பயணிகளும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் மதகுச் சுவர்மேல் ஏறி நின்றார்கள். நிறைய வண்டிகள் வந்தன, போயின. எனக்கு எதுவும் மனதில் ஏறவில்லை.

கறுப்பு வண்டி வந்தது. வளைவில் சறுக்கிக்கொண்டு திரும்பி, கோட்டைத் தாண்டி நின்றது. அதுவரை வந்ததில் அதுதான் குறைந்த நேரம் என்று ஒலிபெருக்கி சொன்னது. கோயம்புத்தூர்க்காரர் இறங்கிக் கையுறையைக் கழற்றினார். அவரோடு வந்தவர்கள் மாலையே வாங்கி வைத்திருந்தார்கள்.

அடுத்தது சோலைமுத்து என்று சொன்னார்கள். கூட்டத்தில் யாரோ தேங்காய் வண்டி என்றார்கள், நாலு பேர் சிரித்தார்கள். கீழே மரங்களுக்குள்ளிருந்து சத்தம் கிளம்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, கேட்பதற்குத்தான் இருந்தது. அந்தக் கிறீச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். போன தடவை பிடித்துக்கொண்ட வளைவைத் தாண்டியிருப்பான் என்று என் வீட்டுக்காரர் காதருகில் சொன்னார். தினமும் ஓட்டுகிறவர், சத்தத்தை வைத்தே எந்த வளைவு என்று சொல்லக்கூடியவர். அடுத்த வளைவு என்றார். அதற்கடுத்தது என்றார். கிறீச் வரவில்லை. ஊதுபெட்டி ஒரே சீராக, தம் கட்டி, விடாமல் ஊதிக்கொண்டே ஏறியது.

"சர்பு, நம்ம வளைவுக்கு வந்துட்டான், கண்ணத் தெற" என்றார்.

திறந்தேன். சிவப்பு வண்டி வளைவை விட்டு வெளியே வந்தது. நேர் ரோட்டில் மூச்சு வாங்காமல், இன்னும் கொஞ்சம் கேட்டாலும் கொடுப்பேன் என்பது போல ஏறி வந்து கோட்டைத் தாண்டியது. தாண்டியும் நிற்காமல் எங்கள் பஸ்வரை போய்த்தான் நின்றது. ஒலிபெருக்கிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரின் கடிகாரத்தையும் வாங்கிப் பார்த்தார். அவர் நேரத்தைச் சொன்னபோது முதலில் யாரும் நம்பவில்லை. இரண்டாம் தடவை சொன்னார். கறுப்பு வண்டியைவிடக் குறைவு, எல்லா வண்டியையும்விடக் குறைவு. பஸ் பயணிகள் போட்ட சத்தத்தில் குரங்குகள் மரம் விட்டு மரம் ஓடின. நான் துப்பட்டி நழுவியதுகூடத் தெரியாமல் நின்று அழுதேன், சிரித்தேன், இரண்டையும் ஒன்றாகச் செய்தேன்.

சோலைமுத்து பானட்டைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தான். எண்ணெய்க் கறுப்பான இஞ்சின் நடுவே என் ஊதுபெட்டி பளபளவென்று இருந்தது. கோயம்புத்தூர்க்காரர் குனிந்து பார்த்தார். அவர் முகமே அதில் தெரிந்தது.

"ஏனுங்க, இது சீமையில செஞ்சு வந்ததுங்களா?" என்று கேட்டார்.

சோலைமுத்து கூட்டத்துக்கு நடுவில் என்னைக் கைகாட்டினான்.

"அந்தா நிக்கிறாங்கள்ல, எங்க அக்கா. அவங்க செஞ்சது. திண்டுக்கல்லு, பேகம்பூரு" என்றான்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. கோயம்புத்தூர்க்காரர் நடந்து வந்து கும்பிட்டார். தம் வண்டிக்கும் இப்படி ஒன்று வரவழைத்து வைத்திருப்பதாகவும், அதை நான்தான் செய்து தர வேண்டும் என்றும் மரியாதையாகக் கேட்டார். எனக்குப் பின்னால் அண்ணன் நிற்பது தெரிந்தது. அவன் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டது. செம்பட்டிப் பிள்ளை வருஷம் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டதும் அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்தது.

"கொண்டாங்க, பாப்போம். அதுல எத்தன தேங்கா ஏத்துவீங்கன்னு மட்டும் மொதல்ல சொல்லுங்க" என்றேன்.

அவர் திகைத்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல மனிதர்தான். வாங்கி வைத்திருந்த மாலையை எடுத்துக்கொண்டு போய்ச் சோலைமுத்துவின் கழுத்தில் அவரே போட்டார்.

திரும்பி வரும்போது அண்ணன் பஸ்ஸின் கடைசி இருக்கையில் உட்கார்ந்தான். வத்தலக்குண்டில் எல்லாரும் டீ குடிக்க இறங்கினார்கள், அவன் இறங்கவில்லை. பாவமாகக்கூட இருந்தது. அதற்காக நான் போய்ப் பேசவும் இல்லை.

மறுநாள் காலையில் பட்டறைக் கதவைத் திறந்துவைத்து, மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஊருக்குள் செய்தி பரவி, முன்பு கூடையை எடுத்துக்கொண்டு போன பூட்டுக் கடைக்காரர் ஒருவர் கூடையோடு வாசலில் நின்றார். உள்ளே நாறுகிறதே என்று மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அண்ணன் வந்தான். அவரைத் தாண்டி உள்ளே வந்து, தன்னிடம் இருந்த சாவியை எடுத்து என் மேடைமேல் வைத்தான். அத்தா அரத்தால் ஒவ்வொரு பல்லாக அறுத்த சாவி, இத்தனை நாள் கழித்து ஜோடிச் சாவியோடு வந்து சேர்ந்தது. எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அண்ணன் வாசல் வரை போய்விட்டான். அப்போதுதான் கூப்பிட்டேன்.

"சாவிய வச்சுட்டுப் போறியே, இந்தத் தோலை யாரு தூக்குவா?"

நின்றான். திரும்பினான். சட்டையைக் கழற்றிக் கதவில் மாட்டினான். தன் ஆட்களைக் கூப்பிட்டு, அவர்களோடு தானும் சேர்ந்து கட்டுக் கட்டாகத் தோலைத் தூக்கி வெளியே வண்டியில் ஏற்றினான். பூட்டுக் கடைக்காரர் வழிவிட்டு ஒதுங்கி நின்று பார்த்தார். சுவர் தெரிந்தது, தரை தெரிந்தது, அத்தா உட்கார்ந்த இடம் தெரிந்தது. கடைசிக் கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு அண்ணன் என்னைத் தாண்டினான்.

"அதுல நல்லதாப் பாத்து ஒண்ண இங்க போட்டுட்டுப் போ. சக்கரத்துக்கு வேணும்" என்றேன்.

கட்டை இறக்கினான். ஒவ்வொன்றாகப் புரட்டினான். இருந்ததிலேயே கனமான, ஓர் ஓட்டைகூட இல்லாத எருமைத் தோலை உருவி, முழுசாக என் காலடியில் போட்டான்.